இம்யூனிட்டி சிரப்பும் சீம்பாலும்: வீட்டு நாயின் நோயெதிர்ப்பாற்றல் குறித்து

செல்லப்பிராணிக் கடைகளில் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்ற பெயரில் சிரப்பும் பொடியும் தாராளமாக விற்கின்றன. நோயெதிர்ப்பாற்றலை வேண்டிய மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அவற்றின் பின்னுள்ள நம்பிக்கை. வீட்டு நாயின் உடலியல் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். உரிய வயதில் செய்யாமல் விட்டதையும் தட்டில் விடுபட்டதையும் எந்த சிரப்பும் ஈடுகட்டாது.

நாய்க்குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்பொருள்களில் சிறு பங்கே நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சேர்கிறது. மற்றவை சீம்பாலில் வருகின்றன. அவற்றைச் சிதைக்காமல் முழுதாக உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் நாளோடு முடிந்துவிடும். தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்ததா, குட்டி முதல் சில மணி நேரத்திலேயே பால் குடித்ததா என்று வாங்குகிறவர்கள் கேட்பது அபூர்வம். விலையும் நிறமும்தான் பேசப்படுகின்றன.

இரவலாகக் கிடைத்த இந்தக் காப்பே பின்னர் சிக்கலாகிறது. தாயின் எதிர்ப்பொருள், தடுப்பூசியிலுள்ள வைரஸையும் செயலிழக்கச் செய்துவிடும். நோயைத் தடுக்கப் போதாமலும் தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமானதாகவும் அது நிற்கும் சில வாரங்கள்தாம் ஆபத்தானவை. 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸுக்கு வாசல் திறப்பது இந்த இடைவெளியே. அது எந்த வாரத்தில் விழும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், 6–8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை ஊசியைத் தொடரச் சொல்கிறது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு 26 வார அளவில் மேலும் ஒன்றைப் பரிந்துரைக்கிறது. "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று 12ஆம் வாரத்தோடு நிறுத்திவிடுவது பல குட்டிகளுக்கு ஊசியே போடாததற்குச் சமமாகிவிடலாம். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது இந்தியாவில் 2017இல் வந்த விதி. ஒரு மாதக் குட்டி அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேர்வது இன்னும் நின்றபாடில்லை.

உணவில், நாய்க்குச் சோறே ஆகாது என்ற புதுப் பேச்சு மிகை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினர். சோறு மட்டுமே தட்டை நிரப்புவதுதான் கோளாறு. எதிர்ப்பொருள்கள் யாவும் புரதங்கள். வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், 22.5 விழுக்காடாவது புரதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவன நெறி. நம் வழக்கமான தயிர்சோறு அந்த அளவை எட்டாது. தானியத்திலுள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிணைத்துக்கொள்ள, தோலும் நிணநீரணுக்களும் சேர்ந்தே தளர்கின்றன. முட்டையும் கோழியும் சேர்த்தால் பாதிக் குறை தீரும். எலும்பில்லா இறைச்சியில் பாஸ்பரஸுக்கு ஈடான கால்சியம் இல்லாததால் மீதிக்கு மருத்துவரின் கணக்கு வேண்டும். (சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.) அளவு மிஞ்சுவதும் குறையே. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டிலிருந்து 13 ஆண்டாக நீண்டது. நிணநீரணுக்கள் மூப்பால் தளர்வதும் தாமதமானது.

'கூட்டுவது' என்ற கருத்து முற்றிலும் உடைவது உண்ணிக் காய்ச்சலில். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறுகிறது. இரத்தத்தட்டுகள் சரிவதற்கு, நாயின் எதிர்ப்பு மண்டலம் தன் தட்டுகளையே தாக்குவதும் ஒரு காரணம். அங்கே எதைத் தூண்டுவது? மருத்துவர் தருவது டாக்சிசைக்ளின். உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அன்று, சுவர் விரிசலில். எனவே நாய் படுக்கும் இடத்தின் விரிசல்களை அடைப்பதும் உண்ணி மருந்தைத் தவணை தவறாமல் தருவதும் வீட்டாரின் பொறுப்பு.