டேனியல் அச்சுப்படங்களில் பழைய சென்னைக் கடற்கரை

கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கியிருப்பீர்கள். பெயர்தான் கடற்கரை. அலையும் மணலும் கண்ணில் படாது. சாலையைத் தாண்டினால் துறைமுகம்தான். துறைமுகமே இல்லாத காலத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது? அதைக் காட்டும் ஒரு அச்சுப்படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1786-ல் கல்கத்தா வந்தார்கள். 1792-ல் சென்னைக்கு வந்து, கன்னியாகுமரி வரை சுற்றிப் படம் வரைந்தார்கள். செலவுக்குப் பணம்? வரைந்த ஓவியங்களைப் பரிசாக வைத்து லாட்டரி நடத்தினார்கள்! லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 அச்சுப்படங்களை வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பின் பெயர் 'ஓரியன்டல் சீனரி'.

பள்ளியில் உருளைக்கிழங்கை வெட்டி அச்சு எடுத்திருப்போம். அதில் மேடான இடம்தான் மை பிடிக்கும். லினோ அச்சும் அப்படித்தான். டேனியல்களின் 'அக்வாடின்ட்' முறை இதற்கு நேர் எதிர். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் வைப்பார்கள். தூள் மறைக்காத இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில்தான் மை தங்கும். அதிக நேரம் அரித்த இடம் அதிகக் கறுப்பு. அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டுவார்கள்.

1797-ல் வெளியான ஒரு படம், புனித ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டுகிறது. பின்னால் கோட்டை, முன்னால் பொங்கும் அலை, அலையில் படகுகள். கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அதனால் மணலில் மோதினாலும் படகு வளைந்து கொடுக்கும், உடையாது.

லண்டனில் இந்தப் படத்தை வாங்கியவர்கள் கோட்டையைத்தான் ரசித்திருப்பார்கள். ஆனால் கவர்னரே வந்தாலும், கரை சேர இந்தப் படகோட்டிகளைத்தான் நம்ப வேண்டும். கோட்டையைக் கட்டியவர்களின் பெயர்கள் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கின்றன. படகோட்டிகளுக்குப் படத்தில் இடம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

1870களில் துறைமுக வேலை தொடங்கியது. முடியும் நேரத்தில், 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். மசூலா படகுகளின் தேவை மெல்லக் குறைந்தது.

மாறியது அது மட்டுமல்ல. இந்தக் கரையோரம் கடல் நீரோட்டம் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. கோட்டையை விட்டுக் கடல் விலகியது. வடக்கே மணல் வராததால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்தது. மீனவர்களின் வீடுகளும் அதோடு போயின. இன்று அங்கே பாறாங்கற்களைக் கொட்டிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள்.

மெரினாவில் நின்று மணலை ரசிக்கும் நாம், அது யாருடைய கரைக்குப் போகவேண்டிய மணல் என்றும் ஒரு நிமிடம் நினைக்கலாம். அந்த 1797-ஆம் வருடப் படத்தை எங்காவது பார்த்தால் கோட்டையை அப்புறம் பாருங்கள். முதலில் அந்தப் படகுகளைப் பாருங்கள்.