பாம்பு விழுங்கிய அளவு

திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில், காதலரின் சந்திப்பு ஒரே நாளில் நிகழ்ந்திருக்க, அதைப் பற்றிய ஊர்ப்பேச்சு எங்கும் பரவிவிட்டதற்குத் திங்களைப் பாம்பு கொண்ட செய்தி உவமையாகிறது. உவமையின் நயத்தை வகுப்பறைகளில் விரித்துரைக்கிறோம். ஆனால் அந்தப் பாம்பு எவ்வளவு விழுங்கிற்று, எத்தனை நாழிகை வாயில் வைத்திருந்தது என்று ஒருவர் கேட்டால் இலக்கியத்தில் விடையில்லை. விடை கணிதத்தில் இருக்கிறது. வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்களைப் பற்றிய கணிதம் அது.

கி.பி. 499ஐத் தம் இருபத்து மூன்றாம் வயதாகக் குறிப்பிடும் ஆரியபடர், ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் முப்பத்து மூன்று செய்யுள்களே இயற்றினார். அவற்றுள் பதினேழாவதும் பதினெட்டாவதும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. முன்னது, வட்டத்தின் நாணொன்றைக் குறுக்கே வெட்டும் விட்டத்தின் இரு துண்டுகளைப் பெருக்கினால் அரைநாணின் வர்க்கம் கிடைக்கும் என்கிறது. பின்னது, ஒரு வட்டம் மற்றொன்றைக் கவ்வும்போது அவ்விரு துண்டுகளையும் காணும் வழியைச் சொல்கிறது.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டத்தின் வளைந்த பகுதி வில். அதன் இரு முனைகளை இணைக்கும் கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குச் செல்லும் கோடு அம்பு. வடமொழியில் சரம். இலத்தீனில் 'சகிட்டா' என்பதும் அம்புதான். நம் பள்ளிக் கணிதநூல்கள் வில்லையும் நாணையும் வைத்துக்கொண்டு அம்பைக் கைவிட்டுவிட்டன. தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு.

கவ்வப்பட்ட அளவுக்கு ஆரியபடர் இட்ட பெயர் கிராசம், அதாவது விழுங்கிய கவளம். பாம்புக் கதையை ஏற்காதவர், பாம்பின் சொல்லைமட்டும் ஏற்றுக்கொண்டார். சந்திரனின் விட்டம் 32 கலை, பூமி நிழலின் விட்டம் 80 கலை, விழுங்கப்பட்டது 8 கலை என்று கொள்வோம். விட்டங்களிலிருந்து 8ஐக் கழித்தால் 24, 72. இவற்றின் கூட்டுத்தொகை 96. ஒவ்வொன்றையும் 8ஆல் பெருக்கி 96ஆல் வகுத்தால் 2, 6. இவையே இரண்டு அம்புகள். ஆனால் சந்திரனின் விட்டத்திலிருந்து பிறந்த 2 நிழலின் அம்பு. நிழலிலிருந்து பிறந்த 6 சந்திரனின் அம்பு. 'ஒன்றுக்கொன்று மாற்றி' என்னும் பொருளுடைய ஒரு சொல்லைச் செய்யுளின் இறுதியில் வைத்து ஆசிரியர் இதை முடித்துவிடுகிறார். அந்தச் சொல்லைக் கவனியாமல் படிப்பவன் கணக்கு முழுவதையும் தலைகீழாக்கிவிடுவான்.

சரிபார்ப்பது எளிது. இரண்டு அம்புகளையும் கூட்டினால் 8, விழுங்கிய கவளம் வந்துவிடுகிறது. முந்தைய செய்யுளின்படி சந்திரனில் 6ஐ 26ஆல் பெருக்க 156. நிழலில் 2ஐ 78ஆல் பெருக்க அதே 156. இரு வட்டங்களுக்கும் பொதுவான நாண் ஒன்றே ஆகையால் இவ்விரண்டும் ஒத்தாக வேண்டும், ஒக்கின்றன. அரைநாண் 156இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 12.5 கலை. அந்த நாண் சந்திரனின் மையத்தில் ஏறக்குறைய 103 பாகைக் கோணத்தையும், நிழலின் மையத்தில் 36 பாகையைச் சற்றே தாண்டிய கோணத்தையும் தாங்கி நிற்கும்.

பரப்பு வேறு செய்தி சொல்கிறது. 32இல் 8 மறைந்தது என்றால் கால்பங்கு மறைந்ததாக நினைப்போம். இரண்டு வில்களுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கணக்கிட்டால் அது சந்திர வட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழுதான். விட்டத்தால் அளப்பவனுக்குக் கால். பரப்பால் அளப்பவனுக்கு ஆறிலொன்றைவிடச் சிறிதே அதிகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்த தாலமி, தம் 'அல்மஜெஸ்ட்' நூலின் ஆறாம் பகுதியில் இந்த வேறுபாட்டை உணர்ந்து, விட்ட அளவைப் பரப்பளவாக மாற்றும் அட்டவணையே தந்தார். நம் சித்தாந்த நூல்கள் பெரும்பாலும் விட்டத்தோடு நின்றன. அவர்களுக்கு வேண்டியிருந்தது காலம்: தொடக்கம் எப்போது, விடுதலை எப்போது, நீராடல் எந்த நாழிகையில்.

காலத்தைக் காண்பதற்கும் அதே படம் போதும். இரு ஆரங்களின் கூட்டுத்தொகை 16ம் 40ம் ஆக 56. நடுக்கிரகணத்தில் மையங்களின் இடைவெளி 48. 56இன் வர்க்கத்திலிருந்து 48இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் கண்டால் 28.8 கலை. சந்திரன் சூரியனை விட்டு விலகும் சராசரி வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 731 கலை. ஆகவே தொடக்கத்திலிருந்து நடுவுக்கு 2 நாழிகை 22 விநாழிகை. மொத்தம் ஏறத்தாழ 4 நாழிகை 44 விநாழிகை.

இவ்வளவு தெளிவான படத்தை வரைந்த பின்னும் பாம்பு ஒழியவில்லை. ஆரியபடரைத் தொடர்ந்து வராகமிகிரரும் சந்திரன் பூமியின் நிழலுள் புகுவதே கிரகணம் என்று எழுதினார். ஆனால் 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர், ராகுவை மறுத்தவர்களைக் கடிந்துகொண்டார். வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் அது முரண் என்பது அவர் வாதம். வியப்பு என்னவென்றால் அதே நூலில் அவர் நிழலின் விட்டத்தைக் கணித்து, வட்டங்களை வெட்டவிட்டே கிரகணத்தைக் காண்கிறார். ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இந்த இடத்தில் நின்று, இவ்வளவு அறிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று திகைக்கிறார்; சாக்ரடீசுக்கு நேர்ந்ததுபோன்ற ஏதோ ஒரு நிர்ப்பந்தம் இருந்திருக்கலாம் என்று ஐயுறுகிறார். பிரம்மகுப்தரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணக்கை விட்டுக்கொடுக்காமல் பெயரைமட்டும் விட்டுக்கொடுத்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு விலை இருந்தது. காரணத்தைக் கேட்கும் பழக்கம் ஓரிடத்திலும் கணக்குப்போடும் பழக்கம் வேறிடத்திலும் தனித்தனியே வாழக் கற்றுக்கொண்டன.

(எல்லா இடத்திலும் அப்படியல்ல. நிளா நதிக்கரையில் வாழ்ந்த கேரளத்துப் பரமேசுவரர், பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கோடு ஒப்பிட்டு, 1431இல் திருக்கணித முறையை அமைத்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

அந்தப் பிரிவை நம் புதுச்சேரியில் காணலாம். வெள்ளியின் இடைநகர்வைக் காண வந்து, 1769இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தீ, அங்கே தமிழ்க் கணிதர்களின் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திரகிரகணத்தின் கால அளவு அவர்கள் முறையில் 41 விநாடி குறைவாக வந்தது; ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயருடையதில் 68 விநாடி மிகுதியாக வந்தது. இந்த ஒரு செய்தியை நம்மவர் பலர் பெருமையோடு எடுத்துச் சொல்வார்கள்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே புதுச்சேரியில் ஜான் வாரன் பதிவு செய்த மற்றொரு கணக்கைச் சொல்வோர் குறைவு. 1825இல் சென்னையில் வெளிவந்த 'காலசங்கலித' நூலின் ஆசிரியர் அவர். ஒரு பஞ்சாங்கக்காரர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1952இல் ஒட்டோ நியூகபவர் அதை மறுபடி ஆராய்ந்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. தொடக்கப் பிழை ஒரு திசையிலும் முடிவுப் பிழை எதிர்த்திசையிலும் இருந்தமையால், மொத்தக் கால அளவில் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு.

41 விநாடியைச் சொல்லி 52 நிமிடத்தை மறைப்பது நேர்மையாகாது. 52 நிமிடத்தைக் காட்டிச் சோழிக்காரரை எள்ளுவதும் அறியாமை. வட்டங்கள் ஓரத்தில் மட்டும் உரசும் கிரகணங்களில் வர்க்கமூலம் மிகக் கொடுமையானது. நமது உதாரணத்திலேயே மைய இடைவெளி 55 கலையானால் கிரகணம் ஏறத்தாழ 41 நிமிடம் நிற்கும். 54 ஆனால் 58 நிமிடம். ஒரு கலைப் பிழை, பதினேழு நிமிடம்.

அந்தச் சோழிக்காரர் தாம் செய்த கணக்கின் கொள்கைகளை ஒரு சிறிதும் அறியாதவர், நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதுகிறார். நியூகபவரோ அதே மனப்பாட மரபின் வேர்களைப் பாபிலோனியக் களிமண் பலகைகள்வரை பின்தொடர்ந்தார். வாரன் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் 'சாமி நாடன் சாஷியா' என்று ஒலிக்கும்படி குறித்துவைத்தார். சாமிநாத சேஷையாவாக இருக்கலாம். லெ ஜான்தீ ஒப்புநோக்கிய கணக்கோடு அப்படி ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்த பெயர் எதுவும் இல்லை. 41 விநாடி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.