ஓரிகன் திறந்த மூல மென்பொருள் சட்டமூலம், 2003

ஓரிகன் திறந்த மூல மென்பொருள் சட்டமூலம் (கீழவைச் சட்டமூலம் 2892) என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டமன்றத்தில் 2003 ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டு, நிறைவேறாமல் போன ஒரு சட்ட முன்மொழிவு ஆகும். மாநில அரசு அலுவலகங்கள் புதிய மென்பொருள் பெறும்போது திறந்த மூல மென்பொருளையும் கட்டாயமாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது இதன் மையக் கருத்து. பெருநிறுவனங்களின் துணையின்றி, லினக்ஸ் பயனர் குழுக்களையும் தனி மென்பொருளாளர்களையும் சார்ந்து எழுந்த முயற்சி என்பதால் இது கவனம் பெற்றது.

பின்னணி

திறந்த மூல மென்பொருள் என்பது மூல நிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமம் தரும் மென்பொருள் ஆகும். லினக்ஸ் கருனி, அப்பாச்சி வலை வழங்கி, ஓப்பன் ஆபிஸ் ஆகியவை 2000களின் தொடக்கத்தில் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். மூடிய மென்பொருளின் மூல நிரல் அதை உருவாக்கிய நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். பயனர் உரிமக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவார்.

அரசுகள் திறந்த மூலத்தைத் தேர்வதற்குச் சட்டம் வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் பல நாடுகளில் எழுந்தது. பெரு நாட்டில் 2001 இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலம் குறித்து மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. அதற்கு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கார் விலனுயேவா 2002 ஏப்ரலில் எழுதிய விரிவான பதில் மடல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. குடிமக்கள் அரசின் தகவல்களைத் தடையின்றிப் பெறுதல், பொதுத் தரவுகள் நிலைத்திருத்தல், நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் விலையைவிட முதன்மையானவை என்பது அம்மடலின் வாதம்.

ஓரிகனில் இக்கருத்து வேரூன்ற உள்ளூர்க் காரணங்களும் இருந்தன. லினக்ஸ் வளர்ச்சிக்கான ஓஎஸ்டிஎல் ஆய்வகம் போர்ட்லாந்து நகருக்கு அருகே பீவர்டன் ஊரில் 2000 முதல் இயங்கியது. போர்ட்லாந்து பகுதிக் கல்வித்துறைப் பணியாளர்கள், பழைய கணினிகளை ஒரே வழங்கியுடன் இணைத்து வகுப்பறைகளில் பயன்படுத்த உதவும் லினக்ஸ் தொகுப்பு ஒன்றை உருவாக்கியிருந்தனர்.

மாநிலத்தின் நிதி நிலையும் மோசமாக இருந்தது. தற்காலிக வருமான வரி உயர்வுக்கான முன்மொழிவை வாக்காளர்கள் 2003 சனவரியில் நிராகரித்தனர். அதனைத் தொடர்ந்து பொதுச் சேவைகள் வெட்டப்பட்டன. சில பள்ளி மாவட்டங்கள் கல்வியாண்டையே சில நாட்கள் குறைத்துக்கொண்டன. இந்நிலையில் உரிமக் கட்டணமாகச் செலவாகும் ஒவ்வொரு தொகையும் பொதுக் கேள்விக்கு உரியதாயிற்று.

சட்டமூலத்தின் கூறுகள்

மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் பில் பார்ன்கார்ட் 2003 மார்ச்சில் சட்டமூலத்தை முன்வைத்தார். அதன் முதன்மை விதிகள் பின்வருமாறு:

1. புதிய மென்பொருள் பெறும்போது, மூடிய மென்பொருளுடன் திறந்த மூல மென்பொருளையும் கருத்தில் கொள்ள வேண்டும்.
2. கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பயனே தேர்வின் முதன்மை அளவுகோலாக இருக்க வேண்டும்.
3. மூடிய மென்பொருளைத் தேர்ந்தால் அதற்குக் காரணம் கூற வேண்டும்.
4. திறந்த தரங்களைப் பின்பற்றாத மென்பொருட்களைத் தவிர்க்க வேண்டும்.
5. அனுமதியின்றித் தகவலை வெளியே அனுப்பும் அல்லது அரசுக் கணினியைப் பிறர் கட்டுப்படுத்த இடம் தரும் மென்பொருட்களைத் தவிர்க்க வேண்டும்.

மூடிய மென்பொருள் வாங்குவதை இச்சட்டமூலம் தடை செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் பேசப்பட்ட முன்மொழிவு, மூல நிரல் திறக்கப்படாத மென்பொருளை மாநில அரசு வாங்கவே கூடாது என்றது. ஓரிகன் வரைவு அதைவிட மிதமானது.

ஆதரவு

சட்டமூலத்தின் வரைவு சட்டமன்ற அலுவலகத்தில் தோன்றியதன்று; மென்பொருள் துறையைச் சேர்ந்த குடிமக்களின் முனைப்பில் உருவானது. மாநிலத்தின் லினக்ஸ் பயனர் குழுக்கள் இதனை எடுத்துச் சென்றன. ஆதரவாளர்கள் தத்தம் தொகுதி உறுப்பினர்களுக்கு மடல் எழுதினர். தலைநகர் சேலத்தில் நடைபெற்ற குழு விசாரணையில் சாட்சியம் அளித்தனர்.

அவர்களது வாதங்களுள் செலவு ஒன்று மட்டுமே. பிறப்புப் பதிவு, நில ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பு முதலியவை ஒரே நிறுவனம் மட்டும் அறிந்த கோப்பு வடிவத்தில் சேமிக்கப்பட்டால், அந்நிறுவனம் அவ்வடிவத்தைக் கைவிடும் நாளில் அரசு தன் ஆவணத்தையே படிக்க இயலாது போகும் என்று அவர்கள் சுட்டினர். வெளியூர் நிறுவனங்களுக்குச் செல்லும் உரிமக் கட்டணம், உள்ளூர் வல்லுநர்களின் ஊதியமாக மாறும் என்பதும் வேலையின்மை மிகுந்திருந்த ஓரிகனில் எடுபட்ட வாதம்.

எதிர்ப்பு

அமெரிக்க மின்னணுவியல் சங்கமும், மென்பொருள் தெரிவுக்கான முன்முயற்சி என்ற அமைப்பும் சட்டமூலத்தை எதிர்த்தன. பின்னது, கணினித் தொழில் சங்கமான காம்ப்டியா 2002 இல் தொடங்கி, மைக்ரோசாப்ட் ஆதரவுடன் இயங்கிய அமைப்பு ஆகும்.

அரசுக் கொள்முதல் எந்த உரிம முறைக்கும் சார்பாக இருக்கலாகாது; தகுதியே அளவுகோலாக வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் நிலைப்பாடு. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் மென்பொருள் செலவற்றது ஆகிவிடாது. பயிற்சி, தரவு மாற்றம், பராமரிப்பு ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும் என்றும் கூறினர். இவ்வாதத்தில் உண்மை இருந்தது. ஆயினும், நடைமுறைக் கொள்முதல் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துள்ளது; விற்பனையாளர் இல்லாத மென்பொருளுக்காக அலுவலகக் கதவைத் தட்டுவோர் எவரும் இல்லை என்று ஆதரவாளர்கள் விடையளித்தனர்.

அதே மார்ச்சு மாதத்தில் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸ் தொடர்பாக ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்ததால், லினக்ஸின் சட்ட நிலை குறித்த ஐயமும் பொதுவெளியில் நிலவியது.

முடிவு

சட்டமூலம் அவையின் வாக்கெடுப்புக்கு வராமலேயே கைவிடப்பட்டது. அப்போது கீழவையில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது. பார்ன்கார்ட் சிறுபான்மைக் கட்சியினர். மேலும் ஓரிகன் சட்டமன்றம் அக்காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறையே வழக்கமான கூட்டத்தொடர் நடத்தியது. எனவே ஒரு கூட்டத்தொடரில் தவறிய சட்டமூலம் மீண்டும் வர 2005 வரை காத்திருக்க வேண்டும். விசாரணை நாளன்று விடுப்பெடுத்து வரும் தன்னார்வலருக்கும், கூட்டத்தொடர் முழுவதும் தலைநகரில் இருக்கும் தொழில்முறைப் பரப்புரையாளருக்கும் இடையிலான வேறுபாடு இத்தகைய முயற்சிகள் அனைத்திலும் வெளிப்பட்டது.

பிற மாநிலங்கள்

- டெக்சாஸ்: குடியரசுக் கட்சியின் மேலவை உறுப்பினர் ஜான் கரோனா 2003 இல் ஏறத்தாழ இதே வாசகங்கள் கொண்ட சட்டமூலத்தை முன்வைத்தார். அதுவும் நிறைவேறவில்லை. கோரிக்கை ஒரு கட்சிக்கு உரியதன்று என்பதை இது காட்டியது.
- மாசச்சூசெட்ஸ்: சட்டம் இயற்றாமல், நிர்வாக ஆணை வழியே 2005 செப்டம்பரில் திறந்த ஆவண வடிவம் தரமாக அறிவிக்கப்பட்டது. பார்வையற்றோர் பயன்படுத்தும் உதவிக் கருவிகள் புதிய வடிவத்துடன் இயங்குமா என்று மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எழுப்பிய கேள்வி முக்கியமானது. 2007 ஆகத்தில் மைக்ரோசாப்டின் ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல் வடிவமும் பட்டியலில் சேர்க்கப்பட்டது.
- 2007 சட்டமூலங்கள்: கலிபோர்னியா, டெக்சாஸ், ஓரிகன் ஆகியவற்றில் திறந்த ஆவண வடிவங்களைக் கோரும் சட்டமூலங்கள் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை.
- நியூ ஹாம்சயர்: மாநில அலுவலகங்கள் மென்பொருள் பெறும்போது திறந்த மூலத்தைக் கருத்தில் கொள்ளவும், திறந்த தரவு வடிவங்களை ஊக்குவிக்கவும் கோரும் சட்டம் 2012 இல் நடைமுறைக்கு வந்தது.

தாக்கம்

ஓரிகன் ஆதரவாளர்கள் 2003 இல் கேட்டதன் சாரத்தையே ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நியூ ஹாம்சயர் சட்டமாக்கியது. இடைப்பட்ட காலத்தில் விவாதத்தின் மையம் மென்பொருள் உரிமத்திலிருந்து கோப்பு வடிவத்துக்கும், பின்னர் பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரலுக்கும் நகர்ந்தது. 2016 ஆகத்தில் வெளியான நடுவண் அரசின் கொள்கை, தனக்கென எழுதப்படும் புதிய நிரலில் குறைந்தது 20 விழுக்காட்டைத் திறந்த மூலமாக வெளியிடுமாறு நடுவண் அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. இது மூன்றாண்டுச் சோதனை முயற்சியாக அறிவிக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- திறந்த மூல மென்பொருள்
- கட்டற்ற மென்பொருள்
- திறந்த ஆவண வடிவம்
- லினக்ஸ் பயனர் குழு