பாப்பா கதையா, பேய்க்கதையா?

சிவப்புத் தொப்பி போட்ட பாப்பா, ஓநாய், பக்கம் பூரா ரத்தம். 2005ல அமெரிக்காவுல ஸெனஸ்கோப்னு ஒரு கம்பெனி 'கிரிம் ஃபேரி டேல்ஸ்' காமிக்ஸை ஆரம்பிச்சப்போ முதல் இதழே இந்தக் கதைதான். "குழந்தைங்க கதையை இப்படிக் கெடுத்துட்டாங்களே!"ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க மக்களே, இந்தக் கூத்து ரொம்பப் பழசு.

1950களின் தொடக்கத்துல ஈ.சி. காமிக்ஸ்னு ஒரு பதிப்பகம். முதலாளி பில் கெய்ன்ஸ். பத்து சென்ட் விலையில திகில் இதழ்கள் போட்டார். அதுல அப்பப்போ 'கிரிம் ஃபேரி டேல்'னு ஒரு கதை வரும். ஜாக் கேமன் படங்களை அழகழகா வரைவார், முடிவு மட்டும் வயித்தைக் கலக்கும். தலைப்புலயே சிலேடை உண்டு. கிரிம் சகோதரர்கள் பேருல ஆங்கிலத்துல ரெண்டு 'எம்'. ஒண்ணை எடுத்துட்டா 'கொடூரம்'னு அர்த்தம்!

1954ல வந்தது வினை. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் புத்தகம் எழுதினார். ஏப்ரல்ல செனட் துணைக்குழு விசாரணை. வெட்டுப்பட்ட தலை இருந்த அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையான்னு செனட்டர் கெஃபாவர் கேட்க, திகில் காமிக்ஸுக்கு நல்ல ரசனைதான்னு கெய்ன்ஸ் சொல்லி மாட்டிக்கிட்டார். அந்த வருஷமே 'காமிக்ஸ் கோட்' வந்தாச்சு. தலைப்புல 'ஹாரர்', 'டெரர்' கூடாது. ரத்தக்காட்டேரி, நடமாடும் பிணம் எல்லாத்துக்கும் தடை. கெய்ன்ஸ் திகில் கடையை இழுத்து மூடினார்.

சரி, கிரிம் சகோதரர்களோட ஒரிஜினல் எப்படி? 1812 பதிப்புல ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெத்த தாய். பஞ்சத்துல ஹான்ஸெலையும் கிரெட்டலையும் காட்டுல விட்டுட்டு வரச் சொன்னதும் பெத்தவதான். முதல் கதையில 1819லயும், ரெண்டாவதுல 1840லயும் அம்மாவை மாற்றாந்தாய் ஆக்கிட்டாங்க. பிள்ளைங்க 'கசாப்பு விளையாட்டு' விளையாடி உயிர் போற கதையை மொத்தமா தூக்கிட்டாங்க. ஆனா பழுக்கக் காய்ச்சின இரும்புச் செருப்போட ராணி சாகுற வரைக்கும் ஆடுறது? அது 1857 கடைசிப் பதிப்பு வரைக்கும் பத்திரமா இருக்கு!

கவனிச்சீங்களா? ரத்தத்தை அவங்க பெருசா துடைக்கலை. பசி வந்தா பெத்தவளே பிள்ளையைக் கைவிடுவாங்கிற உண்மையைத்தான் மறைச்சாங்க. அது பிள்ளைங்க பயமா, பெரியவங்க பயமா?

இன்னொண்ணு. கோட் முத்திரை காமிக்ஸுக்கு மட்டும்தான். கெட்டி அட்டை போட்ட கிரிம் புத்தகத்துக்கு எந்த முத்திரையும் தேவைப்படலை. அந்தக் கோடையே 2011ல கடைசிக் கம்பெனிகளும் கைகழுவிட்டாங்க. இரும்புச் செருப்பு மட்டும் இன்னும் சூடாவே இருக்கு.

அதனால, காமிக்ஸ்காரங்க திகிலைப் புதுசா கொண்டு வந்து சேர்க்கலைங்க. இருந்ததைத்தான் படம் போட்டுக் காட்டினாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?