வவுச்சர் காப்பாற்றிய வீரர்கள்

உங்கள் தாத்தாவின் உண்மையான பிறந்த நாள் எது? பாதிப்பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று ஹெட்மாஸ்டர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயசுக் கணக்கு சரியாக வருகிற மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டிருப்பார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அது ஏறிவிட்டால் முடிந்தது கதை. பெற்ற தாயே நேரில் வந்து, 'எம்புள்ள தீபாவளிக்கு மறுநாள் பொறந்தான் சாமி' என்று சொன்னாலும் சர்க்கார் கேட்காது. ரிடையர்மென்ட், பென்ஷன் எல்லாம் ஹெட்மாஸ்டர் கணக்குப்படிதான்.

ஒரு தேதி தப்பானால் ஒரு வருடச் சம்பளம் போகும். தொலையட்டும். போருக்குப் போனதே பதிவில் இல்லாமல் போனால்? கடல் கடந்து போய்ச் சண்டை போட்டு, குண்டடி பட்டு ஊர் திரும்பிய ஒருவரிடம், 'நீங்கள் வெளிநாடு போனதாக எங்கள் ரெக்கார்டில் இல்லையே சார்' என்று ஒரு கிளார்க் சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் அப்படிச் சொன்னார்கள். ஒருவர் இருவரிடம் அல்ல.

நம் ஊரில் எக்ஸ் சர்வீஸ்மேன் வீடுகளில் பீரோவுக்குள் 'டிஸ்சார்ஜ் புக்' என்று ஒன்றைப் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் அதே காரியத்தைச் செய்வது ஒரு தாள். 1950 முதல் அதற்கு டிடி 214 என்று பெயர். அதற்கு முன்னால் வேறு படிவம். எந்தப் போரில் கலந்துகொண்டார், என்ன பதக்கம், எங்கே காயம், எந்தத் தேதியில் கப்பல் ஏறினார், எப்போது திரும்பினார் என்று இரண்டாம் உலகப்போர் படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஊனமுற்றோர் உதவித்தொகை, ராணுவ ஆஸ்பத்திரி வைத்தியம், 1944 சட்டப்படி கிடைத்த காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கடன், கடைசியில் சவப்பெட்டி மேல் போர்த்துகிற தேசியக்கொடி வரை எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த ஒரு தாள்தான்.

அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹென்றி ஜான்சனைப் பாருங்கள்.

நியூயார்க் மாநிலம் ஆல்பனி நகரத்து ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். கறுப்பர். முதல் உலகப்போரில் 369-வது காலாட்படை ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். கறுப்பர்களுடன் சேர்ந்து சண்டை போட அமெரிக்க ராணுவத்துக்கு இஷ்டமில்லை. அந்த ரெஜிமென்ட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் தள்ளிவிட்டார்கள். 1918 மே மாத நள்ளிரவு. ஆர்கான் காட்டருகே காவல் நின்றிருந்த ஜான்சனையும் ஒரு சகாவையும் ஜெர்மானியர்கள் கும்பலாகச் சூழ்ந்துகொண்டார்கள். கையெறிகுண்டு தீர்ந்தது. துப்பாக்கி மக்கர் செய்தது. அதன் கட்டையாலேயே அடித்தார். அதுவும் உடைந்தபோது இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். சகாவை எதிரிகள் தூக்கிக்கொண்டு போகாமல் காப்பாற்றிவிட்டுத்தான் விழுந்தார். உடம்பில் 21 காயங்கள்.

பிரான்ஸ் 'க்ரா த கேர்' என்கிற வீரப்பதக்கத்தை அணிவித்தது. நியூயார்க்கில் ஊர்வலம், கைதட்டல், பத்திரிகையில் படம். எல்லாம் சரி. 1919-ல் டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த காகிதத்தில் அவருடைய காயங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

காயம் உடம்பில் இருந்தது. காகிதத்தில் இல்லை. நொறுங்கிய காலோடு பெட்டி தூக்க முடியவில்லை. 1929-ல் முப்பத்து சொச்சம் வயதில் செத்துப்போனார். சொந்த நாடு 'பர்ப்பிள் ஹார்ட்' கொடுத்தது 1996-ல். நாட்டின் மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஆனர்' பதக்கத்தை ஒபாமா அறிவித்துக் கொடுத்தது 2015-ல். வாங்கிக்கொள்ள ரத்த சொந்தம் என்று யாரும் உறுதியாகவில்லை. நியூயார்க் தேசியக் காவல்படையைச் சேர்ந்த ஒருவர் வாங்கிக்கொண்டார்.

ஜான்சன் விஷயத்தில் நிறவெறி இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அதோடு சேர்ந்துகொண்டது அவசரம்.

1945 மே மாதம். ஐரோப்பாவில் போர் முடிந்தது. அமெரிக்கத் தரைப்படையில் அப்போது 80 லட்சத்துக்கும் அதிகமான ஆட்கள். அத்தனை பேருக்கும் உடனே வீட்டுக்குப் போக வேண்டும். யாரை முதலில் அனுப்புவது? மார்க் போட்டார்கள். படையில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1 மார்க். வெளிநாட்டில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதலாக 1. ஒவ்வொரு பதக்கத்துக்கும் போர்க்கள நட்சத்திரத்துக்கும் 5. வீட்டில் குழந்தை இருந்தால் தலைக்கு 12, மூன்று குழந்தை வரைக்கும். மொத்தம் 85 வந்தால் கப்பல் ஏறலாம்.

பார்த்தீர்களா? வெளிநாட்டு சர்வீஸும் பதக்கமும் வெறும் கௌரவம் இல்லை. வீட்டுக்குப் போகிற டிக்கெட்டே அதுதான். இருந்தும் தப்பு நடந்தது. லட்சக்கணக்கான ஆட்களுக்கு டைப்ரைட்டரில் காகிதம் அடித்துத் தள்ளினார்கள் கிளார்க்குகள். இந்தப் பக்கம் நிற்கிற சிப்பாய்க்கோ எப்போதடா ஊருக்குப் போவோம் என்கிற துடிப்பு. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான். ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறதா என்று எவன் பார்ப்பான்?

இன்னொரு கூத்தும் உண்டு. போர்முனைக் காலாட்படையினருக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் தனித்தனியாக பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அது வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் 'பிரான்ஸ் ஸ்டார்' பதக்கம் கேட்க உரிமை உண்டு என்று 1947-ல் முடிவு செய்தார்கள். அவர்களில் பலர் 1945-லேயே காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் வயல்வேலை, ஃபாக்டரி வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் காகிதத்தில் அந்தப் பதக்கம் எப்படி இருக்கும்? பலருக்கு உரிமை வந்த விஷயமே தெரியாது.

சரி, காகிதம் தப்பு. மூல ஃபைலைப் பார்த்துத் திருத்தலாம்தானே?

திருத்தலாம். ஃபைல் இருந்தால்.

1973 ஜூலை 12. நள்ளிரவு தாண்டி 16 நிமிடம். மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் அருகே, தேசிய ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீ. இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் மினோரு யமசாகி. நியூயார்க் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களுக்கும் வரைபடம் போட்ட அதே மனிதர். ஆவணங்கள் இருந்த பகுதியில் தீ வந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. ஏனாம்? குழாய் ஒழுகினால் காகிதம் நனைந்துவிடும் என்று ஆவணக்காரர்களில் ஒரு சாராருக்குப் பயம்! மாடியை அறை அறையாகத் தடுக்கிற நெருப்புச் சுவரும் கிடையாது.

42 தீயணைப்பு நிலையங்களின் வண்டிகள் வந்தன. 22 மணி நேரம் நெருப்பு கட்டுக்கு அடங்கவில்லை. முழுவதும் அணைந்தது என்று அறிவித்தது நாலரை நாள் கழித்து. நனையக்கூடாது என்று பொத்திப் பாதுகாத்த காகிதத்தின் மேல் லட்சக்கணக்கான காலன் தண்ணீர் கொட்டியாகிவிட்டது. காரணம் இதுதான் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை.

போன ஃபைல்கள் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை. 1912-லிருந்து 1960 வரை டிஸ்சார்ஜ் ஆன தரைப்படைக்காரர்களின் ஃபைல்களில் 80 சதவீதம் சாம்பல். இரண்டு உலகப்போர்கள், கொரியப் போர் எல்லாம் இதில் அடக்கம். விமானப்படையில் 1947 முதல் 1964 வரை விலகியவர்களில், ஆங்கில அகரவரிசையில் எச் எழுத்தின் நடுவிலிருந்து இசட் வரை பெயர் கொண்டவர்களின் ஃபைல்களில் 75 சதவீதம் காலி. உங்கள் பெயர் ஏ-யில் ஆரம்பித்தால் பிழைத்தீர்கள். டபிள்யூ என்றால் போச்சு.

இதற்கெல்லாம் நகல்? இல்லை. மைக்ரோஃபிலிம்? இல்லை. என்னென்ன ஃபைல் இருந்தது என்று ஒரு பட்டியலாவது? அதுவும் இல்லை.

நனைந்து கருகியதில் 65 லட்சம் ஃபைல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பூஞ்சை பிடிக்காமல் மருந்தடித்து, பால் பாக்கெட் அடுக்குகிற மாதிரியான பிளாஸ்டிக் கிரேட்களில் போட்டு, மெக்டானல் டக்ளஸ் விமானக் கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விண்வெளிச் சோதனைக்காகக் கட்டிய வெற்றிட அறை இருந்தது. காற்றை உறிஞ்சி ஈரத்தை இறக்கினார்கள். மீதிப்பேர் கதி?

இங்கேதான் பி.காம். படித்தவனாகக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அனுமதியுங்கள். அவர்களில் பலரைக் காப்பாற்றியது கணக்குக் காகிதம்!

ஒரு சிப்பாயை வீட்டுக்கு அனுப்பும்போது கடைசிச் சம்பளம் பட்டுவாடா செய்வார்கள். அதற்கு ஒரு வவுச்சர் உண்டு. பெயர், நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த மாதிரியான விடுவிப்பு என்று எல்லாம் இருக்கும். அது தணிக்கைக்காரர்களின் வழியில் தனியாகப் போனதால் தீயில் சிக்கவில்லை. அப்படி 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வவுச்சர்கள். வரலாற்றுக்காக யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. ஆடிட்டுக்கு வேண்டுமே என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் எழுதுகிற 'மார்னிங் ரிப்போர்ட்' இன்னொரு ஆதாரம். இன்றைக்கு யார் ஆஸ்பத்திரி, யார் இடமாற்றம், யார் காணோம் என்று வருகைப் பதிவேடு மாதிரி. 1988-ல் போர்க்கால ஆஸ்பத்திரி அட்மிஷன் தகவல்கள் கம்ப்யூட்டர் டேப்பில் கிடைத்தன. பெயர் இருக்காது, சர்வீஸ் நம்பர்தான். அந்த நம்பரை வைத்து, 'ஆமாம், இவருக்கு இந்த மாதம் குண்டடி பட்டிருக்கிறது' என்று காட்ட முடிந்தது.

வவுச்சர் சம்பளத்தை நிரூபிக்கும். வீரத்தை நிரூபிக்குமா? வேவர்லி உட்சன் கதை அங்கேதான் நின்றது.

1944 ஜூன் 6. நார்மண்டியில் ஒமாஹா கடற்கரை. உட்சன் கறுப்பர் படைப்பிரிவு ஒன்றின் மருத்துவ உதவியாளர். கரை சேருவதற்குள்ளேயே குண்டுச் சிதறல் உடம்பில் பாய்ந்துவிட்டது. அதோடு 30 மணி நேரம், சுமார் 200 பேருக்குக் கட்டுப்போட்டார். அவருக்கு மிக உயர்ந்த பதக்கம் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு நடந்ததை வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவரின் குறிப்பு சொல்கிறது. கிடைத்தது அதைவிடக் கீழான பிரான்ஸ் ஸ்டார். அந்தப் போரில் மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர்கள் 400-க்கும் மேல். அப்போது அதில் ஒரு கறுப்பர்கூட இல்லை.

அந்த அநியாயத்தை விசாரித்து 1997-ல் ஏழு கறுப்பர்களுக்குக் கொடுத்தார்கள். ஆறு பேர் உயிரோடு இல்லை. உட்சன் பெயரையும் பரிசீலித்தார்கள். ஃபைலைத் தேடினால்? 1973 தீயில் போயிருந்தது. ஆதாரம் போதாது என்றார்கள். 2005-ல் அவர் இறந்தார். மனைவி விடவில்லை. ஒரு பத்திரிகையாளர் பழைய குறிப்புகளைத் தோண்டினார். ஒரு செனட்டர் கூட நின்றார். 2024 ஜூன் மாதம், இரண்டாவது உயரிய பதக்கமான 'டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்' அறிவிக்கப்பட்டது. கரை இறங்கி 80 வருடம்.

முன்பெல்லாம் ராணுவப் பதிவில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றால்கூட அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த ஒரு ஆளுக்காகத் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946-ல் அதை நிறுத்திவிட்டுத் திருத்த வாரியங்கள் அமைக்க வழிசெய்தார்கள். இன்றைக்கும் டிடி 149 என்ற படிவம் நிரப்பி மனுப் போடலாம். தப்பைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் என்பது விதி. நியாயம் கருதித் தளர்த்துவதும் உண்டு. வென்றால் டிடி 215 என்று ஒரு திருத்தத் தாள் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாரியம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது தெரியுமா? 'ராணுவத்தின் பதிவு சரி' என்பதிலிருந்து. தப்பு என்று காட்டுவது மனுதாரரின் பாடு. தப்பாக எழுதியது சர்க்கார். எரியவிட்டது சர்க்கார். நிரூபிக்க வேண்டியது எண்பது வயதுக் கிழவர்!

கொஞ்சம் விவரமாக இருந்தவர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஊர் திரும்பிய கையோடு கவுன்டி அலுவலகத்துக்குப் போய் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பதிவு செய்து ஒரு நகலை அங்கேயும் வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் எரிந்தபோது இவர்களுக்குக் கவலையில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கோ, அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டோ, பாட்டியின் பட்டாவோ இருக்கும். ஒவ்வொரு கட்டமாகப் படித்துவிட்டு, சரியாக எழுதியிருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்டால் பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே.