ரூபாய்–யென் மாற்று விகிதமும் ஒரகடம் தொழில்தடமும்: டாலர் அளவுகோலின் போதாமை

ரூபாயின் வரலாற்றை டாலரை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். 1949இல் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய், 1966 ஜூன் 6இல் 7.50, 1991 ஜூலையில் இரண்டு தவணைக் குறைப்புக்குப் பின் ஏறக்குறைய 26, 2013 ஆகஸ்ட் 28இல் 68.80. இந்த வரிசை நமக்கு ஓயாத சரிவு ஒன்றையே காட்டுகிறது. மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் வாகனத் தொழில்தடத்தைப் புரிந்துகொள்ள இந்த வரிசை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜப்பானிய எந்திரங்களையும் உதிரிபாகங்களையும் நம்பும் ஆலைகளுக்கு ரூபாய்–யென் விகிதமும் அதே அளவு முக்கியம். அந்த விகிதம் டாலர் காட்டும் பாதையில் செல்லவில்லை.

விகிதம் உருவாகும் முறை

ரூபாய்க்கும் யென்னுக்கும் நேரடிச் சந்தை மிகச் சிறியது. நடைமுறையில் விலை டாலர் வழியாகவே அமைகிறது: ஒரு டாலருக்கான ரூபாயை ஒரு டாலருக்கான யென்னால் வகுத்தால் கிடைப்பதே யென்னின் ரூபாய் விலை. ஆகவே டோக்கியோவில் நடப்பதும் மும்பையில் நடப்பதும் இதில் சேர்ந்தே பதிவாகின்றன. ஒரு டாலர் 360 யென் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்த காலத்தில் 100 யென்னின் விலை 1.32 ரூபாய். 1966 மதிப்புக் குறைப்பு அதை ஒரே நாளில் 2.08 ஆக்கியது. 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பை இறக்க ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாடு கையெழுத்தானபோது அது 5 ரூபாயளவில் இருந்தது. ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் கீழே போன 1995 ஏப்ரலில் 39ஐ எட்டியது. அந்தப் பத்தாண்டில் டாலரின் ரூபாய் விலை மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. யென்னின் விலையோ ஏறக்குறைய எட்டு மடங்கானது.

ஒரகடத்தின் ஆண்டுகள்

2007 நடுவில் 100 யென் சுமார் 33 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஒரகடம் ரெனோ–நிசான் கார் ஆலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தான 2008 பிப்ரவரியில் அது 37. ஆலை திறக்கப்பட்ட 2010 மார்ச்சில் 50. 2012 ஜூனில் 71. ஐந்தே ஆண்டுகளில் யென்னின் விலை இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. மூன்று கோடி யென் விலையுள்ள ஒரு சி.என்.சி. எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2007இல் அதற்கு 99 லட்சம் ரூபாய் போதும். 2012இல் யென் விலை மாறாத அதே எந்திரத்துக்கு 2 கோடியே 13 லட்சம் வேண்டும். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும், வங்கிக் கடனில் எந்திரம் வாங்கும் சிறு வெண்டாருக்கு இந்த வேறுபாடு தொழிலில் நிற்பதா விலகுவதா என்ற கேள்வி.

யென் இப்படி ஏறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உலகச் சந்தை கலங்கும்போது முதலீட்டாளர்கள் ரூபாயை விற்று வெளியேறுகிறார்கள். அதே அச்சத்தில் யென்னில் தஞ்சம் புகுகிறார்கள். 2008இல் டாலர் ரூபாய்க்கு எதிராகக் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஏறியது. யென்னோ ஏறக்குறைய பாதியளவு ஏறியது. டாலரை மட்டும் பார்த்தவருக்கு அந்த அடியின் பாதிதான் தெரிந்திருக்கும்.

டாலர் மறைத்தவை

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 2013 ஆகஸ்டில் ரூபாய் அதுவரை காணாத வீழ்ச்சியைக் கண்டதாகச் செய்திகள் அலறின. யென் கணக்கில் அது 70 ரூபாயளவு; முந்தைய ஆண்டு ஜூனில் இருந்த நிலையேதான். ஜப்பான் வங்கியின் தளர்வுக் கொள்கை யென்னை ஏற்கெனவே கீழே இறக்கியிருந்தது. 2015 ஜூனையும் 2024 ஜூலைத் தொடக்கத்தையும் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகிறது. டாலர் 64இலிருந்து 83.50க்கு ஏறியது. 100 யென் இரு காலத்திலும் 51–52 ரூபாய்தான்.

இரு மறுப்புகள்

ஜப்பானிய இறக்குமதியிலும் ஒரு பகுதி டாலரில் விலையிடப்படுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் விற்பவரின் கூலியும் கடனும் யென்னில் இருக்கும்வரை, அடுத்த விலைப் பேச்சில் அந்த ஏற்றம் நம்மிடம் வந்து சேரும். ரூபாய் சரிந்தால் ஏற்றுமதி தழைக்கும் என்பது இரண்டாவது வாதம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை அமெரிக்காவுக்கே ஈகோஸ்போர்ட் அனுப்பியது. 2010இல் 45 ரூபாயளவில் இருந்த டாலர் 2021 செப்டம்பரில் 73ஐத் தாண்டியிருந்தது. அந்த மாதத்தில்தான் உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது. உள்நாட்டு விற்பனை, ஆலைத் திறனின் பயன்பாடு எனக் காரணங்கள் பல. மலிந்த ரூபாய் மட்டும் ஓர் ஆலையைக் காப்பாற்றாது என்பது அந்த அனுபவத்தின் பாடம்.

முடிவு

ரிசர்வ் வங்கி 40 நாணயங்களைக் கொண்டு ரூபாயின் மெய் மாற்று மதிப்பைக் கணிக்கிறது. அது நாடு தழுவிய சராசரி. இந்தத் தடத்தின் இறக்குமதிப் பங்குகளுக்கேற்ப யென், கொரிய வொன், டாலர், யூரோவுக்கு எடை கொடுத்த தனிக் குறியீடு ஒன்று தேவை. தமிழக அரசும் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் தொழில் அமைப்புகளும் சேர்ந்தால் அதை உருவாக்க முடியும். 2010 முதல் இந்தியச் சந்தைகளில் யென் முன்பேர வணிகம் நடக்கிறது. ஆனால் எந்த நாணயத்தில் தன் இடர் இருக்கிறது என்று அறியாத சிறு ஆலைக்கு அந்த வசதி பயன்படாது. பெரிய ஆலைகள் தம் வெண்டார்களோடு போடும் விலை ஒப்பந்தத்தில் யென் ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு விதி இடம்பெற வேண்டும். இடரைத் தாங்கும் வலு குறைந்தவரிடமே அதை முழுதும் விட்டுவைப்பது நியாயமும் அல்ல, நல்ல தொழில்கொள்கையும் அல்ல.