கொச்சியில் நைஜர் பையன்கள்

2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இந்தியாவுக்கு வந்தபோது, தேவராவை ஒட்டிய பனம்பள்ளி நகர் மைதானத்தைக்கூடப் பயிற்சிக்காகச் செப்பனிட்டார்கள். ஊரே காத்திருந்தது பிரேசிலுக்கு. (மலையாளிகளின் பிரேசில் பைத்தியம் பற்றித் தனிப் பதிவே போடலாம்!)

அக்டோபர் 7, கலூர் ஸ்டேடியம். மாலையில் பிரேசில் 2-1 என்று ஸ்பெயினை ஜெயித்தது. அடுத்து வட கொரியா - நைஜர்.

நைஜீரியா இல்லைங்க, நைஜர். அதற்கு முன் எந்த வயதுப் பிரிவிலும் உலகக்கோப்பையில் ஆடியிராத நாடு. ஆனால் இந்தப் பையன்கள் ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் தெரியுமா? 2013, 2015 இரண்டிலும் கோப்பையைத் தூக்கிய அதே நைஜீரியாவை! பிறகு காபோனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் நான்காம் இடம். முதல் நான்கு அணிகளுக்குத்தான் இந்தியா டிக்கெட்.

கொச்சியில் 59வது நிமிடம் சலீம் அப்துரஹ்மான் கோல் போட்டார். 1-0. என்னைக் கேட்டால் அன்றைய பெரிய ஆட்டம் இதுதான், பிரேசில் ஆடியது அல்ல.

மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் ஸ்பெயின் நாலு கோல் அடித்தது. கோவாவில் பிரேசில் இரண்டு. நைஜர் அடித்தது மொத்தமே அந்த ஒரு கோல்தான். இருந்தும் அதில் கிடைத்த 3 புள்ளிகள் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோயின. நவி மும்பையில் கானா 2-0 என்று வழியனுப்பியது.